கார் இல்லாத கட்டடத்தில் ஒரு கார்

"இந்தக் கட்டடத்தில் ஒரு கார்கூட நிற்கக் கூடாது!" என்று முழங்கியது வேறு யாரும் இல்லை, அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட மனுஷனேதான். கீழே கடைகள், மேலே வீடுகள், எதிரே ரயில் நிலையம். பிறகு கார் எதற்கு? கார் நிறுத்துகிற இடத்தை முற்றமாக்கி, அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேச பெஞ்சும் போட்டார். அவரும் அங்கேயே குடிவந்தார். அவர் பேச்சை நம்பி எல்லோரும் காரை விற்றார்கள்.

அவர் மட்டும் விற்கவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்! நண்பர் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டதாகப் பெண்டாட்டியிடம் சொன்னார். நண்பரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. நாலு தெரு தள்ளி மரக்கடைக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்தி நிறுத்தியிருந்தார். காலையில் ரயில் நிலையத்துக்குள் நுழைவார், மறுவாசல் வழியாக நழுவுவார், காரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார். பெற்ற பிள்ளையைக்கூட அந்த மனுஷன் அப்படித் துடைத்துவிட்டதில்லை.

அன்று சாயங்காலம் வீடு திரும்பினார். முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"என்னங்க, நேரத்துக்கே வந்துட்டீங்க?" என்றாள் பெண்டாட்டி.

"அதை ஏன் கேக்குற! ரயில்ல அப்படிக் கூட்டம். கொக்கு மாதிரி ஒத்தைக் கால்லயே நின்னு வந்தேன்."

கீழ்க்கடை முடிதிருத்துகிறவரின் கத்தரி நின்றது.

"அண்ணே, மத்தியானத்துலேர்ந்து ஒரு ரயிலும் ஓடலையே! தண்டவாளம் பழுதாம்."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. பெண்டாட்டி திட்டுவாள் என்று பார்த்தார். அவள் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அதை விடுங்க. நம்ம தையல்காரம்மா மருமகளுக்கு வலி எடுத்துடுச்சு. ஒரு ஆட்டோ கிடைக்கலை. ஹும்... நம்ம கார் மட்டும் இருந்திருந்தா!"

காரைக் காட்டினால் மானம் போகும். காட்டாவிட்டால் பிள்ளைத்தாச்சி பாவம் வந்து சேரும். மெல்லக் கேட்டார்.

"அந்த நண்பர்கிட்ட... கேட்டுப் பார்க்கட்டுமா?"

"கேளுங்களேன். மரக்கடைக்குப் பின்னாடி தார்ப்பாயைப் போத்திக்கிட்டுத் தூங்குறாரே, அந்த நண்பர்தானே? தட்டி எழுப்புங்க!"

விழுந்தடித்து ஓடினார். கார் வந்து நின்றதும் மருமகள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, சிரித்தபடி சாவகாசமாக ஏறினாள். மாமியார் ஏறினாள். பெண்டாட்டியும் ஏறினாள்.

"வலி?" என்றார் இவர்.

"வலிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குண்ணே. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வழி பார்த்துட்டு வரலாம்னு அக்காதான் சொன்னாங்க" என்றாள் மருமகள்.

அக்கா முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இனிமே இது கட்டடத்துக் கார். சாவி தையல் கடை ஆணியில தொங்கும். அவசரம்னா யார் வேணா எடுத்துக்கலாம்."

"அப்ப நான் வேலைக்கு எதுல போறது?"

"உங்களுக்கு என்னங்க கவலை? ஓடாத ரயில்லயே வந்து சேர்ற ஆளாச்சே நீங்க!"