எட்டுச் சுற்றிலும் யாரும் எடுக்காத மச்சானுக்கு

கும்மிடிப்பூண்டி,
நவம்பர் 2007,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் மதார் சாகிப் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் தம்பி அசன் முகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் வீட்டாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் பத்ருன்னிசா அக்காவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்பது முறை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து புதுவாயலுக்குப் பஸ் ஏறினால் டிக்கெட் கிழிக்கும் முன்னே ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு ஒரு கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். நான் என்ன செய்யட்டும்? போன் செய்தால் என் நம்பரைப் பார்த்துவிட்டு மணியடிக்க விடுகிறீர்கள். போன ஞாயிறு நேரில் வந்தேன். முன்வாசலில் என் செருப்பைக் கழற்றும்போதே பின்வாசல் வழியாகப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அது எந்தத் தொழுகைக்கும் நேரமில்லை. அக்கா எனக்கு டீ கொடுத்துவிட்டு, நீங்கள் சொல்லச் சொன்னதாக ஒன்று சொன்னாள். "பர்ஹானா நிக்காஹ்வுக்கு நான் வர்ல. அவன்கிட்டதான் எட்டு டீம் இருக்குதே, அதுல ரெண்டு பேரக் கூப்ட்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்க சொல்லு." டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். என் மகள் பர்ஹானா பிறந்தபோது அவள் காதில் பாங்கு சொன்னது நீங்கள். பத்திரிகையில் என் பெயருக்கு மேலே உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு நிக்காஹ். நீங்கள் இல்லாத பந்தலில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? அதனால், நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். நீங்கள் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

நம் மில் கிரவுண்டில் ஒரு காலத்தில் பேஸ்கட்பால் ஆடிய ஆட்கள் இன்று திசைக்கொருவராகப் போய்விட்டதும், அவர்கள் பேசிக்கொள்ள இன்டர்நெட்டில் குப்புராஜ் ஒரு போரம் திறந்ததும் உங்களுக்கே தெரியும். குப்புராஜ் சவூதியில் தம்மாமில் கிரேன் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை லீவில் அவனுக்குப் பொழுது போவதில்லை. அமெரிக்காவில் பழைய ஆட்டக்காரர், புது ஆட்டக்காரர் எல்லோரையும் ஒன்றாகப் போட்டு ஆள் எடுத்துக் கற்பனை டீம் கட்டி விளையாடுகிறார்களாம், அதற்கு டிராஃப்ட் என்று பெயராம், நமக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று ஒருநாள் எழுதினான். அதாவது, நம் கிரவுண்டில் என்றைக்காவது ஆடிய யாரையும், உயிரோடு இருந்தாலும் சரி, மவுத்தாகிவிட்டாலும் சரி, அவரவர் நன்றாக ஆடிய வயதில் இருப்பதாக வைத்துக்கொண்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் தொட முடியாது. ஆளுக்கு எட்டுப் பேர். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். பிறகு எந்த டீம் பலமானது என்று ஓட்டு. இதை நடத்த ஒரு பொது மனிதர் வேண்டும் என்று சொல்லி என்னைக் கமிஷனர் ஆக்கினார்கள். என் மனைவி அன்றிலிருந்து "கமிஷனர், கேஸ் தீந்து போச்சி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

எனக்கு டைப் அடிக்க வராது. கம்பெனி ஸ்டோரில் வேலை முடிந்ததும் புதுவாயல் கூட்ரோட்டில் கிரேஸ் அம்மா வைத்திருக்கும் பிரௌசிங் சென்டருக்குப் போவேன். நான் சொல்லச் சொல்ல அவர் அடித்துத் தருவார். அப்படித்தான் விதிமுறைகளைப் போட்டேன். திருவள்ளூர் கோர்ட்டில் வேலை பார்க்கும் வரதன் அதிலும் நாலு ஓட்டை கண்டுபிடித்தான். அவன் கேள்விகளில் ஒன்று நியாயமானது: எடுக்கிறவன் தன்னைத் தானே எடுத்துக்கொள்ளலாமா? நான் யோசித்து, கூடாது என்று உத்தரவு போட்டேன். தன் வாயால் தன் பெயரைச் சொல்லிக்கொள்வது நம் கிரவுண்டு வழக்கமில்லை. மற்றவன் எடுத்தால்தான் மரியாதை. இந்த விதியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன்.

ஏழு பேர் சேர்ந்துவிட்டோம், எட்டாவது ஆள் இல்லை. அப்போதுதான் நம் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு, கொசஸ்தலை என்று ஒருத்தன் வந்தான். யாரப்பா என்று கேட்டதற்கு "பழைய ஆள்" என்று மட்டும் பதில். தடா பக்கம் கெமிக்கல் கம்பெனியில் இருக்கும் யாராவது ஒரு பையன் என்று நினைத்துக்கொண்டு, ஆள் கிடைத்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டேன். மச்சான், நான் செய்த ஒரே பிழை அதுதான். அவனைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

முதல் சுற்றில் வரதனுக்கு முதல் சீட்டு விழுந்தது. அவன் உங்களைத்தான் எடுப்பான் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவன், உங்கள் கீழ் ஆடிய ஆதிகேசவனை எடுத்தான். நான் தனியாகப் போன் போட்டுக் கேட்டேன். மதார் அண்ணன் எல்லோருக்கும் கேப்டன், அவரை ஒரு டீமுக்கு மட்டும் எடுத்தால் பொதுச் சொத்தை ஆக்கிரமித்த மாதிரி ஆகிவிடும் என்றான். அடுத்தது குப்புராஜ். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன நான் எடுத்தா நான் அவுருக்கு மேனேஜரு ஆயிடுவேன். அவுர உக்காரு, எந்திரின்னு நான் சொல்றதா? இன்னா மச்சி பேசற நீ?" என் முறையும் வந்தது. நீங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. நான் எடுத்தால், பார், கமிஷனர் சொந்தக்காரனை எடுத்துவிட்டான் என்று வரதன் ரிட் போடுவான். அதனால் நானும் எடுக்கவில்லை. எல்லோரும் மரியாதையால்தான் விட்டோம், ஒருவர் மனசிலும் வேறு எண்ணம் இல்லை.

ஆனால் முதல் சுற்று முடிந்த பிறகுதான் சிக்கலே. இரண்டாம் சுற்றில் உங்களை எடுத்தால், ஆதிகேசவனுக்கு அப்புறம்தான் மதார் அண்ணன் என்று ஆகிவிடும். அந்தப் பாவத்தை யார் ஏற்பது? மூன்றாம் சுற்றில் எடுத்தால் இன்னும் கேவலம். சுற்று ஏற ஏற உங்கள் பெயரைச் சொல்லவே எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. ஒரே தட்டில் நாலு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும்போது கடைசிக் கறித்துண்டு கிடக்குமே, நீங்க எடுங்க நீங்க எடுங்க என்று ஒருவரும் தொடாமல் தட்டோடு போய்விடுமே, அப்படித்தான் ஆயிற்று. ஐந்தாம் சுற்றில் டீச்சர் ரோசம்மாளை எடுத்தார்கள். அது நியாயம், அவர் பாதிக் கோட்டிலிருந்து போடுவார். ஏழாம் சுற்றில் பந்து வெளியே போனால் எறிந்து கொடுத்துக்கொண்டிருந்த மில் வாட்ச்மேனை எடுத்தார்கள். எட்டாம் சுற்றில் குப்புராஜ் எடுத்தது, ஒரே ஒரு சாயங்காலம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நம்மோடு ஆடிவிட்டுப் போன சூளூர்பேட்டை லாரிக்காரரை. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோரையும் நைனா நைனா என்று கூப்பிட்டார் என்பதால் லிஸ்டில் நைனா என்றே போட்டிருக்கிறது. நீங்கள் அந்த இடத்தில் விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்ததை நான் கவனித்தேன்.

லிஸ்டை பிரிண்ட் எடுத்து உங்களிடம் முதலில் காட்டியது என் புத்தி கெட்ட வேலை. சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். கண்ணாடி போட்டு மேலிருந்து கீழ் வரை படித்தீர்கள், திருப்பி ஒருமுறை படித்தீர்கள், நாலாக மடித்து என் சட்டைப் பையில் நீங்களே வைத்தீர்கள். "நல்லாகீது" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது அந்தக் கொசஸ்தலைக்கு வருகிறேன். எங்களுக்காவது மரியாதை தடுத்தது. அவனுக்கு என்ன? அவன் யாரென்று நமக்குத் தெரியாது, நமக்கும் அவனுக்கும் கொடுக்கல் வாங்கல் சம்பந்தம் கிடையாது. மதார் சாகிப் என்று ஒரு வார்த்தை அடித்திருந்தால் எங்கள் எல்லோர் மானமும் தப்பியிருக்கும். எட்டு முறை அவன் முறை வந்தது. எட்டு முறையும் வேறு ஆளை எடுத்தான், கல் நெஞ்சக்காரன். எடுத்ததும் ஒரு மாதிரியான ஆட்கள்: ஒருத்தரும் பந்து போட்டுப் பெயர் வாங்கியவர் இல்லை, எல்லாம் ஓடி ஓடித் தடுத்தவர்கள், விழுந்து முட்டி பேர்ந்தவர்கள். இரண்டாம் சுற்றிலேயே என்னை எடுத்தான். என் ஆட்டம் எனக்குத் தெரியாதா? பந்து கைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். கமிஷனரைக் காக்கா பிடிக்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் அருவருப்பாக இருந்தது. இது போதாதென்று ஒவ்வொரு சுற்று ஆரம்பத்திலும் ஒரு கேள்வி: "பெரியவங்க யாரயாவது வுட்டுட்டமா, ஒரு தபா பாத்துக்கங்க." பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஆறாம் சுற்றில் நான் பகிரங்கமாகவே எழுதினேன்: யாரையும் விடவில்லை, நீங்கள் புதிதாக வந்தவர், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. இவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சட்டையைப் பிடித்து உங்கள் வாசலுக்கே இழுத்து வந்து, இவன்தான் மச்சான் உங்களை வேண்டுமென்றே விட்டவன் என்று நிறுத்தியிருப்பேன்.

மச்சான், விசில் ஊதுவதற்கு முன்பே தான் செய்த பௌலுக்குத் தானே கையைத் தூக்குகிறவர் எங்கள் கிரவுண்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். நாங்கள் போட்ட ஒவ்வொரு கூடைக்கும் பந்து யார் கையிலிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். லிஸ்டில் பெயர் இல்லாததால் அது இல்லையென்று ஆகிவிடாது. பெரிய மனசு பண்ணி ஞாயிறு வந்து பர்ஹானாவுக்குச் சாட்சி நில்லுங்கள். அக்காவுக்கு என் சலாம். எங்கள் குழந்தைகள் உங்கள் துஆவை எதிர்பார்க்கிறார்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், என் மேல் கொஞ்சம் இரக்கத்தையும் தருவானாக.

இப்படிக்கு, உங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட
அசன் முகைதீன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன், கொசஸ்தலை செய்த அநியாயத்துக்குச் சாட்சியாக அவன் எழுதிய கேள்விகளையும் பிரிண்ட் எடுத்து உள்ளே வைக்கலாம் என்று கிரேஸ் அம்மா கடைக்குப் போனேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் மிஷினை ஆன் செய்யவில்லை. பிறகு, "சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கினாரு பாய், ஆனா இந்த லெட்டர நீங்க குடுத்தா பாவம். கொசஸ்தலை உங்க மச்சான்தான். அவுருக்கும் நான்தான் அடிச்சித் தரேன்" என்றார்.

மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் காலையில் அந்தக் கடைக்கு வருகிறீர்களாம். நான் சாயங்காலம் உட்காரும் அதே நாற்காலியாம். நேற்று யார் யாரை எடுத்தார்கள் என்று கேட்பீர்களாம், அவர் படித்துச் சொல்லி முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை படிக்கச் சொல்வீர்களாம். எட்டாம் சுற்றில் உங்கள் கடைசி முறை வந்தபோது, உங்க பேரையே போட்டுடலாமே பாய், யாருக்குத் தெரியப்போகுது என்று அவரே கேட்டிருக்கிறார். "கமிஷனர் கூடாதுன்னு போட்டுக்கீறாரும்மா" என்றீர்களாம்.

உங்களுக்குப் போய் கம்ப்யூட்டரைப் பற்றி விளக்கம் எழுதியிருக்கிறேன். கல் நெஞ்சக்காரன் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் உங்களைச் சொல்லியிருக்கிறேன். அழித்து எழுத மனம் வரவில்லை, என் லட்சணம் உங்களுக்கு முழுதாகத் தெரியட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன். தபாலில் போடவில்லை. கிரேஸ் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், நாளைக் காலை மீன் வாங்க வரும்போது தருவார்.

கண்ணை மூடிக்கொண்டு பந்து பிடிக்கிற என்னை இரண்டாம் சுற்றிலேயே எடுத்தவர் நீங்கள். நான் உங்களை எட்டிலும் எடுக்கவில்லை. ஞாயிறு காலை பந்தல் வாசலில் நிற்பேன். உங்கள் டீம் ஆள் கூப்பிடுகிறேன் மச்சான், வாங்க.