பந்தியில் விடுபட்ட அழுங்கு

ஒரு காட்டில் மிருகங்களுக்கென்று சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழி இருந்தது. அதை உருவாக்கியவர் தேவாங்கு தெய்வசிகாமணி. பகலெல்லாம் தூக்கம், விழித்தால் பெருமை, நடுவில் கொஞ்சம் வேலை என்று வாழ்ந்தவர். மொழியோடு சேர்த்துச் சில கட்டளைகளையும் அவரே போட்டுக் கொடுத்திருந்தார். அவற்றில் பேர்போனது ‘பந்தி’. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் பரிமாறச் சொல்லும் கட்டளை அது. எல்லாம் ஒழுங்காகச் செய்யும், கடைசி ஆளை மட்டும் விட்டுவிடும். எழுதும்போது தேவாங்குக்குக் கண் சொக்கிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது. காட்டின் நடுவே ஒரு தண்ணீர் இயந்திரம் வைத்தார்கள். காலையில் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு குடம். இயந்திரத்துக்குள் ஓடியது நம்ம ‘பந்தி’தான்.

தினமும் கடைசியில் நின்றவர் அழுங்கு அங்கமுத்து. எறும்புதின்னி இனம், உடம்பெல்லாம் செதில், நடையோ படு நிதானம். இருட்டோடு கிளம்பினாலும் எல்லோரும் வந்த பிறகுதான் வந்து சேருவார். முன்னால் நின்ற முயல் வரைக்கும் குடம் நிரம்பும். இவர் முறை வந்ததும் இயந்திரம் நன்றி சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும். வீட்டில் மனைவி செண்பகவல்லியும் குட்டிகளும் நாக்கு வறண்டு காத்திருந்தார்கள். பக்கத்து வளை முள்ளம்பன்றி மரகதம் தன் குடத்திலிருந்து ஊற்றிக்கொடுத்த தண்ணீரில்தான் அந்தக் குடும்பம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கமுத்துவுக்கு அவமானத்தில் செதிலெல்லாம் கூசியது.

பந்தியைத் திருத்தக் கோரி அவர் மொழிக் குழுவுக்கு மனுப் போட்டார். காட்டெருமை கனகாம்பாள் தலைமையில் கூட்டம் கூடியது.

முதலில் எழுந்தவர் நரி. மொழியில் ஊறியவர், மூத்த புரோகிராமர். “அண்ணே, பந்தி ஒரு ஆளை விட்டுடும்னு தெரிஞ்சு, நாங்க எங்க புரோகிராம் அத்தனையிலயும் ஒரு ஆளைக் கூட்டியே எழுதி வெச்சிருக்கோம். நீங்க இப்ப சரி பண்ணிட்டா, எங்களுது அத்தனையும் தப்பாயிடும்.”

“சரி பண்ணினா தப்பாகுமா?” என்று அங்கமுத்து கேட்டார்.

“அதுதாண்ணே கம்ப்யூட்டர்” என்றார் நரி.

மயிலுக்கு வேறு யோசனை. பழைய பந்தி பாட்டுக்கு இருக்கட்டும், ‘பெரும்பந்தி’ என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றது. ‘முழுப்பந்தி’ என்பதுதான் லட்சணமான பெயர் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. யானை இரண்டையும் ஒதுக்கிவிட்டு, முதல் ஆளை விடுவதா, நடு ஆளை விடுவதா, கடைசி ஆளை விடுவதா என்று அவரவரே தேர்ந்தெடுக்க வசதி வேண்டும் என்றது. யாரையுமே விடாத வசதி இருக்குமா என்று அங்கமுத்து மெல்லக் கேட்டதற்கு, அப்படிச் சிக்கலாக்கினால் புதிதாகக் கற்பவர்கள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

கடைசியில் தேவாங்கே கண்ணைத் திறந்தார். “பந்தின்னா யாராவது ஒருத்தர் பரிமாறணுமா இல்லையா? பரிமாறுறவர் எப்படிய்யா உக்காந்து சாப்பிடுவார்? அவரைத்தான் விட்டேன்.”

கூட்டம் சொக்கிப்போனது. எவ்வளவு ஆழம் பார்த்தீர்களா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனந்தத்தில் யானை பிளிறியது, மயில் அகவியது. சத்தம் கேட்டால் சுருண்டு உருண்டையாகிவிடுவது அழுங்கின் பிறவிக் குணம். அங்கமுத்து சுருண்டார். அவரைச் சமாதானப்படுத்த ஆளுக்கு ஆள் அறிவுரை சொல்ல ஆரம்பித்தார்கள்.

கொஞ்சம் அமைதியானதும் அங்கமுத்து தலையை நீட்டிப் பார்த்தார். எல்லோரும் அவருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு உருண்டைக் கல்லைப் பார்த்து உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கனகாம்பாள் அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, கோபப்படாமல் கேட்டுக்கொண்டதற்கு நன்றி சொல்லி, மனுவைத் துணைக்குழுவுக்கு அனுப்பினார்.

அங்கமுத்து அந்தக் கல்லை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் வரிசையில் அவர் நின்றார், அவருக்குப் பின்னால் கல் நின்றது. இயந்திரம் இருவரையும் அழுங்கு என்றே எடுத்துக்கொண்டது. முயலுக்கு ஊற்றியது, அங்கமுத்துவுக்கும் ஊற்றியது, கல்லை விட்டுவிட்டது. நிரம்பிய குடத்தைப் பார்த்து அங்கமுத்து வரிசையிலேயே ஒரு ஆட்டம் போட்டார். குட்டிகள் வயிறு முட்டக் குடித்துவிட்டு வளைக்குள் குட்டிக்கரணம் அடித்தன.

இனி யாருக்கும் குறையில்லை என்று ஆனதும் துணைக்குழுவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. யாருக்கும் தேவைப்படாத திருத்தத்தில் சண்டை ஏது? நரிக்கும் அதற்குள் வேறொரு காட்டின் மொழி பிடித்துப்போயிருந்தது. ஒரே மூச்சில் பந்தியைத் திருத்திக் கைதட்டிக் கலைந்தார்கள். அடுத்த நாள் முதல் கடைசி ஆளுக்கும் ஒரு குடம் கிடைத்தது. கடைசி ஆள், கல். அதன் குடத்தையும் அங்கமுத்துவே தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் மரகதத்துக்குக் குட்டிகள் பிறந்தன. ஒரு குடம் போதவில்லை. உயிருள்ளவர்களுக்கு மட்டும் பந்தி பரிமாற வேண்டும், மிச்சமாவதைக் குட்டி பெற்ற வீடுகளுக்குத் தர வேண்டும் என்று அவள் மனுப் போட்டாள். கூட்டத்தில் அங்கமுத்துவைப் பார்த்துத்தான் பேசினாள். “கல்லுக்கு எதுக்குண்ணே தண்ணி? எம் புள்ளைங்க நாக்கைப் பாருங்க.”

அங்கமுத்து எழுந்து தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, உன் கஷ்டம் எனக்குப் புரியாதா? ஆனா எத்தனையோ குடும்பம் இந்தக் கட்டளையை நம்பி ஓடிட்டிருக்கு. திடீர்னு மாத்தினா காடு தாங்காதும்மா.”

எத்தனை குடும்பம் என்று யாரும் கேட்கவில்லை. மனு துணைக்குழுவுக்குப் போனது. அங்கமுத்து வீட்டுக்குப் போய், இரண்டாவது குடத்துத் தண்ணீரில் நிதானமாகக் குளித்தார்.

நீதி: பிழையைத் திருத்தச் சொல்லிப் போராடுங்கள், அதில் உங்களுக்கும் ஒரு குடம் கிடைத்ததும், மொழியின் புனிதத்தைக் காப்பாற்றுங்கள்.