பருவம் வேறு, நிலை வேறு

உலக விஞ்ஞானிகள் பனிமலையைத் துளைத்தும் கடலடியில் வெப்பமானியை இறக்கியும் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்கை, குற்றாலத்தில் ஒரே மாலையில், நடுவில் சுக்குக் காப்பிக்கும் நேரம் ஒதுக்கித் தீர்த்துவைத்த பெருமை தென்காசி நடுவர்மாமணி லட்சுமிநாராயணன் அவர்களையே சேரும். இந்தச் சேதி நோபல் குழுவுக்கு இன்னும் போய்ச்சேரவில்லை என்றால், நஷ்டம் குழுவுக்குத்தான்.

நடுவர்மாமணி ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். பட்டிமன்ற மேடையில் அவர் தீர்ப்புச் சொல்லி இதுவரை ஒரு அணியும் தோற்றதில்லை. ‘குடும்பத்தில் ஓங்கவேண்டியது மாமியார் கையா, மருமகள் கையா?’ என்ற வழக்கில் இருவர் கையிலும் கரண்டியைக் கொடுத்து அனுப்பினார். ‘பரோட்டாவா, நாட்டுக்கோழியா?’ என்று பரோட்டாக் கடைகளுக்குப் பேர்போன பிரானூர் பார்டரே இரண்டுபட்டு நின்றபோது, “பரோட்டாவைப் பிய்த்துப் போடுக! அதன்மேல் கோழிச் சால்னாவை ஊற்றுக!” என்று ஒரே மூச்சில் ஊரைச் சேர்த்துவைத்தார். மேடையை விட்டு இறங்கும்போது ஒரே ஒருவர் முகம் கோணியிருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனசு!

அந்த மனசை நம்பித்தான் அருவிச்சாலை விடுதி உரிமையாளர் சங்கம் அவரைத் தேடி வந்தது. சங்கத்துக்கு ஒரு ‘விஞ்ஞானச் சிக்கல்’. மலையில் திடீர் மழை கொட்டி வெள்ளம் இறங்கினால் கீழே இருப்பவர்களுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். அதற்கு மேலே ஒரு சைரன் வைக்க வேண்டும் என்று அருவிக்கரைக் கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். பருவநிலை மாறியிருந்தால் சைரன் தேவை. மாறவில்லை என்றால் வீண் செலவு. மாறியிருக்கிறதா, இல்லையா? ஆராய்ச்சிக்கு அனுப்பினால் நாளாகும். பட்டிமன்றம் வைத்தால் சனிக்கிழமையே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் மேடைக்குப் பின்னால் நடுவர்மாமணி துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது மாஜிதா வந்தாள். அருவிக்கரையில் ரம்புட்டான், மங்குஸ்தான் பழங்கள் விற்கிறவள்.

“சார், போன சீசன்ல தண்ணி இடுப்பளவு வந்த பொறவுதான் எங்களுக்கே தெரியும். அந்தக் கடைதான் எங்க வீட்டுக்குச் சோறு. சங்கு ஊதுச்சுன்னா ஓடிருவோம். நல்ல தீர்ப்பாச் சொல்லுங்க சார்.”

“என் தீர்ப்பு எப்போதும் நல்ல தீர்ப்புத்தான் அம்மா,” என்றார் நடுவர்மாமணி. பொய்யில்லை.

‘மாறிவிட்டது’ அணிக்கு ஸ்மிருதி. தென்காசிப் பெண், சென்னையில் வானிலை ஆராய்ச்சி செய்கிறவர். கடல் சூடாவதையும், ஒரு மாத மழை ஒரு மதியத்தில் கொட்டுவதையும், அதனால் ஊரின் வருமானம் என்ன பாடுபடும் என்பதையும் படம் போட்டு விளக்கினார். பாவம், நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை.

‘மாறவில்லை’ அணிக்குச் சங்கத் தலைவர் வீரபாகு அண்ணாச்சி எழுந்தார். எழுந்ததற்கே கைதட்டல்.

“அந்தம்மா கார்பன் டை ஆக்சைடுங்காவ. நான் பார்த்ததே இல்ல. சோடாவுல இருக்குன்னு சொன்னாவ. குடிச்சுப் பார்த்தேன். ஏப்பம்தான் வந்துச்சு!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“மழை இல்லேன்னா ‘சீசன் தாமதம்’ம்போம். கூடப் பெய்ஞ்சா ‘சீசன் களைகட்டுது’ம்போம். இதுக்கு நடுவுல என்னத்த மாறிட்டு? சீசன் நேரத்துல சங்கு ஊதினா, வந்தவன் பூரா துண்டோட பஸ் ஏறிருவான். பொறவு நம்ம யாவாரத்துக்கே சங்குதான்!”

விஞ்ஞானம் அந்த ஏப்பத்திலிருந்து கடைசிவரை மீளவே இல்லை.

நடுவர்மாமணி எழுந்தார். வலது பக்கம் அண்ணாச்சியின் முகம். இடது பக்கம் ஸ்மிருதியின் முகம். முன்னால் தரையில் மாஜிதாவின் முகம். ஒன்றையும் கோணவிட அவருக்கு மனசில்லை. கண்ணை மூடினார். தமிழ் கைகொடுத்தது.

“பருவநிலை என்பது ஒரு சொல்லா? இல்லை, இரு சொல்! பருவம், நிலை! பருவம் மாறியிருக்கிறது, சகோதரி சொன்னது சரி. ஆனால் நம் குற்றாலத்தின் நிலை? அது மாறவே இல்லை. அண்ணாச்சி சொன்னதும் சரி!”

அடடா! விசில் பறந்தது. பூமியின் சூட்டைச் சந்தி பிரித்தே ஆற்றிய மனிதர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்?

“ஆகவே, சைரன் வைக்க வேண்டும். ஆனால் ஊதக் கூடாது!”

இரு அணியும் பொன்னாடை போர்த்தின. “சார், வெதர் உங்க தீர்ப்பைக் கேக்காது,” என்று ஸ்மிருதி முணுமுணுத்ததை ‘வளரும் தலைமுறையின் ஆர்வம்’ என்று பாராட்டி, மைக்கை அணைத்தார்கள்.

சைரனுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டுத் திறப்புவிழா நடத்தினார்கள். மேலே காவலுக்கு மணிமுத்து என்பவரைப் போட்டார்கள். ஊதாத சைரனுக்கு எதற்குக் காவல் என்று கேட்கக் கூடாது. யாராவது ஊதிவிட்டால்?

பத்தே நாள். கீழே பளீரென்று வெயில். மேலே மலை கறுத்துக் கிடந்தது. நடுவர்மாமணி ரசத்துக்கு வந்திருந்த நேரம், போன் அடித்தது.

“ஐயா, மணிமுத்து பேசுதேன். தண்ணி செக்கச்செவேல்னு வருது. பாறையெல்லாம் உருளுது. ஊதக் கூடாதுன்னு தீர்ப்புச் சொன்னது நீங்கதான, அதான் கேக்கேன். சங்கை ஊதிரட்டா?”

நடுவர்மாமணியின் கை இலையிலேயே நின்றது. ‘ஊது’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. கூடவே அண்ணாச்சியின் முகமும் வந்தது.

“தம்பி, அவசரப்படாதீர். எதிரணியின் கருத்தைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது? லைனிலேயே இரும்.”

அண்ணாச்சியை அழைத்தார். அண்ணாச்சி மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். மறுபடி அழைத்தார். வெள்ளம் யாரையும் அழைக்கவில்லை. நேரே வந்துவிட்டது.

குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு கம்பியைப் பிடித்து ஏறித் தப்பினார்கள். மாஜிதாவின் கடை, தராசு, கூடை எல்லாம் ஒரு வரிசையில் ஊர்வலம் போயின. மாஜிதா சுவரேறிக் குதித்ததில் கால் முறிந்தது. அண்ணாச்சியின் விடுதியில் தண்ணீர் வரவேற்பு மேசை உயரத்துக்கு ஏறி, அதன்மேல் ரம்புட்டானைக் கொட்டிவிட்டுப் போனது.

அண்ணாச்சி அசருகிற ஆளா? “சீசன் இந்த வருசம் உள்ளயே வந்துட்டுல்லா!” என்றார். மறுநாள் வாசலில் ‘அறையிலேயே அருவி’ என்று போர்டு தொங்கியது.

ஒரு வாரம் கழித்துச் சங்கம் நடுவர்மாமணிக்குப் பாராட்டு விழா எடுத்தது. தீர்ப்பின்படி சைரன் கடைசிவரை ஊதவில்லை. எந்த அணிக்கும் மனவருத்தம் இல்லை. ‘நடுநிலைத் திலகம்’ என்ற பட்டம் கொடுத்தார்கள். வெள்ளத்துக்குக் காரணம் மேகமா, மலையா என்ற அடுத்த தலைப்பும் அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது.

விழா முடிந்ததும் மாஜிதா மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு மேடை ஓரம் வந்தாள். அவள் முகம் கோணவில்லை. அதில் நடுவர்மாமணிக்கு எவ்வளவு ஆறுதல்!

“சார், அன்னைக்கு அந்தம்மாவுக்குப் பத்து நிமிசம் கொடுத்தீய. அண்ணாச்சிக்கும் பத்து நிமிசம் கொடுத்தீய.”

“ஆமாம் அம்மா. இருவருக்கும் ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.”

“எனக்கு ஒரு அஞ்சு நிமிசம் கொடுத்திருக்கலாம்லா?”

நடுவர்மாமணி உருகிப்போனார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, “அதற்கென்ன அம்மா, அடுத்த பட்டிமன்றத்தில் தாராளமாகப் பேசலாமே!” என்றார்.

“பேசுததுக்கு இல்ல சார்,” என்றாள் மாஜிதா. “ஓடுததுக்கு.”