சாமியறை ஹீற்றர்

இந்தக் குளிர்காலம் முடியும்வரை நோபல் பார்க் வீட்டை விட்டு ஓரடியும் நகருவதில்லை என்று செந்தில்நாதன் முடிவெடுத்துவிட்டார். சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கும் மகள் தர்சினிக்கு யூலை கடைசியில் பிள்ளைப்பேறு. மனைவி இராஜேஸ்வரி மே மாதமே, பெற்றவளுக்குப் பத்தியக்கறி வைக்கும் சரக்குத்தூள் இடிக்கத் தொடங்கிவிட்டாள்.

"நீர் போட்டு வாரும். நான் வீட்டைப் பாக்கிறன்."

"உங்களைத் தனிய விட்டிட்டோ? குசினியிலை உப்புப் போத்தல் எங்க இருக்கெண்டு தெரியுமே?"

தெரியாதுதான். ஆனாலும் அவர் அசையவில்லை. மகள் வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு அறை. அதில் இருப்பவர் சம்பந்தி கல்யாணசுந்தரம். போனமுறை நாலு இரவு அவரோடு படுத்ததில், அவருடைய பைபாஸ் கதையை நெஞ்சு பிளந்ததிலிருந்து தையல் பிரித்தது வரை ஐந்து தடவை கேட்டாயிற்று. ஐந்தாவது தடவை செந்தில்நாதனுக்கே நெஞ்சு வலித்தது. விடிய நாலரைக்குச் சம்பந்தி தொண்டை செருமினால் பக்கத்து வீட்டு நாய் எழும்பும். இந்தமுறை போனால் மூன்று மாதம்! ஐயோ, முருகா!

யூன் பிறந்ததும் இராஜேஸ்வரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, தலை சுத்துது. ஹீற்றர் பழசெல்லே, காஸ் ஏதும் கசியுதோ? ஒருக்கா ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோவன்."

நியாயமான பேச்சு. கூப்பிட்டார்.

வீடு முழுவதற்கும் சூடு அனுப்பும் அந்த காஸ் ஹீற்றர் இருப்பது சாமியறை மூலை அலுமாரிக்குள். சோதிக்க வந்தவன் ஆறடி வெள்ளைக்காரன். கதவைத் திறந்தவள் இராஜேஸ்வரி. செந்தில்நாதன் பழைய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் சாமியறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"சப்பாத்தோடை உள்ளுக்குப் போகப்போறாராம்! பிள்ளையார் இருக்கிற இடம்!"

வேலைநேரம் சப்பாத்துக் கழற்றக்கூடாது, அது சட்டம் என்றான் அவன். செந்தில்நாதனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் முதலில் கடவுள், பிறகுதான் உன் சட்டம் என்று ஆங்கிலத்தில் முழங்கினார். அவன் தோளைக் குலுக்கினான். 'உள்ளே விடவில்லை, பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது' என்று எழுதினான். வெளியே போய் காஸைப் பூட்டி, சிவப்பு மட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் போய்விட்டான்.

"பாக்காமலே ஃபெயிலோ? முப்பது வருசம் அரசாங்கக் கச்சேரியிலை கடிதம் எழுதின கை இது!"

வழமையில் "விடுங்கோ, சும்மா சண்டை ஏன்" என்பவள், அன்று தேத்தண்ணியும் பேனையும் கொண்டுவந்து வைத்தாள்.

"விடக்கூடாது. எழுதுங்கோ."

ஆறு பக்கம் எழுதினார். நீங்கள்தான் ஆளை உள்ளே விடவில்லை என்று கொம்பனி இரண்டு வரியில் பதில் போட்டது. அவர் ஒன்பது பக்கம் எழுதினார். வீட்டுக்குள் தேங்காயெண்ணெய் கல்லாய் இறுகிக் கிடந்தது. இரண்டு சுவெற்றர், குரங்குத்தொப்பி, அதற்கு மேல் போர்வை. பேனையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. தர்சினி பெற்றதும் அனுப்பும் படத்தைக்கூட உயிரோடு பார்ப்போமோ என்றிருந்தது. இராஜேஸ்வரி மட்டும் சாமியறையில் கண்மூடி இருந்தாள். தன் வெற்றிக்காகத்தான் என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

"அவங்கள்தான் திரும்பி வந்து செய்யவேணும்! வேறை ஒரு கொம்பனிக்காரனும் இந்தப் படி மிதிக்கக்கூடாது!"

"ஓம், அதைச் சாமிக்கு முன்னாலை சொல்லுங்கோ."

எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மூன்றாம் கிழமை கொம்பனி பணிந்தது. தொலைபேசியில் ஒரு பெண் மன்னிப்பே கேட்டாள். பழைய சோதனை ரத்து. புதிதாக ஆள் வருவார். முதலாவது வெற்றுத் திகதி, குளிர்காலம் முடிகிற ஓகஸ்ட் இருபத்தெட்டு.

"வெண்டிட்டன்!" என்று துள்ளியவர் கலண்டரைப் பார்த்ததும் கதிரையில் சரிந்தார்.

"வேறை ஆரையும் கூப்பிடுவமே?" ஈனசுரத்தில் கேட்டார்.

"கற்பூரத்திலை அடிச்சுப்போட்டோ?"

"அப்ப கராச்சுக்குள்ளை கிடந்த அந்தச் சின்ன கரண்ட் ஹீற்றர்?"

"அதைப் போன கிழமைதான் கோயிலுக்குக் குடுத்தனான். ஐயர் பாவம், வெறும் மேலோடை நிக்கிறார்."

செந்தில்நாதன் பெட்டியை இறக்கினார். சிட்னிக்குப் பெட்டி அடுக்கப்பட்டது. சம்பந்தி வேறு போனில் வந்து, "வாருங்கோ, போனமுறை கதை அரைவாசியிலை நிண்டது" என்று ஆசையாகக் கூப்பிட்டார்.

புறப்படும் அன்று குரங்குத்தொப்பியைக் காணவில்லை. இராஜேஸ்வரியின் கைப்பையைத் துழாவினார். விபூதிப் பையோடு, உடைக்காத பக்கெற் ஒன்று கையில் வந்தது. நீலநிறம். பிளாஸ்ரிக். கால் வடிவம்.

"இதென்னப்பா?"

"அதோ? ஹீற்றர் பாக்க வந்த தம்பி கொண்டந்தது. சப்பாத்துக்கு மேலை போட்டுக்கொண்டு உள்ளுக்கு வாறன் எண்டு கேட்டது, பாவம். நான்தான் வாங்கி வைச்சிட்டன்."

பக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால் இரண்டும் பனிக்கட்டியாகிவிட்டது.

"உமக்கு... அண்டைக்குத் தலை சுத்தினது?"

"சிட்னிக்கு ரிக்கற் போட்டவுடனை நிண்டிட்டுது. பிள்ளையாரிட்டையும் மன்னிப்புக் கேட்டிட்டன்." பக்கெற்றை வாங்கி அவருடைய கோட்டுப் பையில் பக்குவமாய்ச் செருகினாள். "வைச்சிருங்கோ. சம்பந்தியின்ரை அறையிலை நிலம் சரியான குளிராம்."