நான் போட்ட க்ரீம் கலர் பத்திரிகை

பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுத வந்ததற்கு மன்னியுங்கள். ஆனால் இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், நடந்தது இதுதான்.

போனில் பிறந்தநாள் வாழ்த்துப் படம் செய்யக் கற்றிருந்தேன். (நாலு பூ, ஒரு கேக். அதற்கே பெரிய ஓவியர் என்ற நினைப்பு.) அண்ணன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் கூடி வந்தபோது, வாட்ஸப்பில் அனுப்பும் பத்திரிகையை என்னிடம் ஒப்படைத்தாள்.

"மஞ்சள், சிவப்பெல்லாம் வேணாம் அத்தை. கண்ணை உறுத்தாம, லேசா க்ரீம் கலர்ல போடுங்க."

சம்பந்தி ஸ்ரீரங்கத்துக்காரர். சகுனம் பார்ப்பவர். பல்லி கத்தியதற்காக நிச்சயதார்த்தத்தையே ஒரு வாரம் தள்ளிவைத்தவர். அவர் முகம் கோணக்கூடாதே என்று இரண்டு நாள் உட்கார்ந்து நிறம் தேடினேன். கடைசியில் பாலாடை மாதிரி ஒரு க்ரீம் அமைந்தது. அதன்மேல் கறுப்பு எழுத்து, உச்சியில் ஒரு குத்துவிளக்கு. (விளக்கு என் சொந்த யோசனை.) யாரிடமும் காட்டாமல், இரு வீட்டாரும் இருக்கும் குரூப்பில் போட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா பதில் போட்டார்: "ஆழ்ந்த இரங்கல்."

அடுத்து இன்னொருவர்: "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

அண்ணன் போனும் கையுமாக ஓடிவந்தார். "என்னம்மா இது, கருமாதிப் பத்திரிகை மாதிரி வெள்ளையா?"

"வெள்ளை இல்லண்ணே, க்ரீம்! நல்லாப் பாருங்க!" (நான் குரல் உயர்த்தியது என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.)

கவிதா என் போனை வாங்கிப் பார்த்தாள். "அத்தை, கண்ணு கூசாம இருக்க மஞ்சள் வெளிச்சம் போட்டு வச்சிருக்கீங்க. இதுல பார்த்தா சுண்ணாம்பே க்ரீமாத்தான் தெரியும்."

அந்த மஞ்சள் வெளிச்சத்தை அணைத்தாள். பத்திரிகை ஆஸ்பத்திரி விரிப்பு போல வெளுத்தது. (அண்ணன் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "வேட்டியைத் துவைக்கக்கூடாதா?" என்று போன வாரம் நான் கேட்டதும் இதனால்தான்.)

அந்நேரம் சம்பந்தியே அழைத்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"படத்தைப் பார்த்ததுமே சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாலை வாங்கிட்டேங்க. கண்ணாடி எடுத்துட்டு வரலை. யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. கவிதா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிளம்பும்போது பிணம் எதிர்ல வந்தா நல்ல சகுனம்ங்க," என்றார் ஒருவழியாக. "இங்க பிணம் இல்லாமலே சகுனம் வந்திருக்கு. தேதியை மாத்தாதீங்க."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. எங்கள் வீட்டில் இன்றும் யார் வெள்ளை வேட்டி கட்டினாலும் அதற்கு 'அத்தை க்ரீம்' என்றுதான் பெயர்.

சம்பந்தி மாலை வாங்கிய மறுநாள், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு அச்சகத்தில் அண்ணன் மஞ்சள் பத்திரிகைக்குச் சொன்னார். என்னைக் கடைக்கு வெளியே நிற்கச் சொன்னார்.