நிச்சயதார்த்தச் சமையலுக்கு மைக்ரோகெர்னல் போட்டேன்

மலேசியாவுல, ஈப்போ பக்கத்துல லகாட்டுல எங்க வீடு. அங்க தங்கச்சி செல்விக்கு நிச்சயதார்த்தம். தெலுக் இந்தான்லேர்ந்து வர்ற மாப்பிள்ளை வீட்டுக்குச் சுடச்சுட சாப்பாடு போடணும். அதுதான் எனக்குக் குடுத்த வேலை.

நான் ஈப்போவுல கம்ப்யூட்டர் வேலை பாக்கிறவன். சும்மா இருப்பேனா?

எங்க சொந்தத்துல வாசல்ல கெமான்னு ஒரு கூடாரம் போட்டு, அதுக்குள்ளயே எல்லாரும் சமைப்பாங்க. யாரும் எதையும் எடுத்துக்கலாம். வேலை மளமளன்னு நடக்கும். ஆனா போன விசேஷத்துல பாயாசம் தீஞ்சு போயி, எல்லாரும் அங்க ஓடி, சாம்பாரும் சேர்ந்து தீஞ்சுச்சு.

"கம்ப்யூட்டர நடத்துற மையம்தான் கெர்னல். எல்லாத்தயும் அதுக்குள்ளயே திணிச்சா மோனோலித்திக். ஒண்ணு விழுந்தா மொத்தமும் விழும். இந்தத் தடவ மைக்ரோகெர்னல் லா"ன்னேன்.

சமையல் பாக்கிற சிவா அண்ணே, "அது என்ன மசாலா தம்பி?"ன்னாரு.

வெளக்குனேன். நடுவுல சின்னதா ஒரு கெர்னல். அது நான். சேதி வாங்கிக் குடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. சாம்பார் கெமாவுல, பாயாசம் பக்கத்து வீட்டு மேரி அக்காகிட்ட, மளிகை சாமான் கார் போர்ச்சுல மாமாகிட்ட. ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் கால் வைக்கக் கூடாது.

"உப்பு அந்தா தெரியுது. எட்டி எடுத்தா என்ன?"

"கூடாதுண்ணே. எனக்கு மெசேஜ் போடுங்க. நான் மாமாவுக்குப் போடுறேன்."

பாயாசம் மறுபடியும் தீஞ்சுச்சு. ஆனா சாம்பார் பாட்டுக்குக் கொதிச்சுது! அக்காவ வேற பானை வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். எனக்குப் பெருமை தாங்கல.

கொஞ்ச நேரத்துல மஞ்சளுக்கு ஒரு மெசேஜ், கரண்டிக்கு ஒரு மெசேஜ்னு போன் சூடாயிருச்சு. அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்னுச்சு.

"பொண்ணோட அண்ணன் வந்து மனையில உக்காருங்க"ன்னாரு அய்யரு.

அட, அத சுத்தமா மறந்துட்டேன்! கையில தாம்பூலத் தட்டக் குடுத்துட்டாங்க. எந்திரிக்க முடியாது. இடுப்புல போன் துடிக்குது.

வெளிய யாரும் விழல. எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

சிவா அண்ணே கதவோரமா வந்து, "தம்பி, உப்பு"ன்னாரு.

"எடுத்துக்குங்கண்ணே"ன்னு கண்ணக் காட்டுனேன்.

"மெசேஜ்ல சொல்லுங்க தம்பி. நீங்க போட்ட ரூல்ஸ்தானே?"

மாப்பிள்ளையோட அம்மா, "சாப்பாடு ஆச்சா?"ன்னாங்க. எனக்கு மானமே போச்சு.

செல்வி பட்டுச் சேலையோட எந்திரிச்சா. நேரா போர்ச்சுக்குப் போயி, உப்பு டப்பாவத் தூக்கியாந்து சிவா அண்ணே கையில வச்சுட்டு, திரும்ப வந்து உக்காந்தா.

"பொண்ணு கெட்டிக்காரி"ன்னாங்க அந்தம்மா. அப்புறம் என்னயும் ஒரு தடவ பாத்தாங்க.

கெர்னல் சின்னதா இருந்தா அதுல தப்பும் கம்மியா இருக்கும்னு படிச்சிருக்கேன். உண்மைதான், என் கெர்னல்ல இருந்தது ஒரே ஒரு தப்பு, அது நான்.