வருகைப் பதிவுக்கு ஒரு கைப்பிடிச் சாம்பல்

"அடையாளம் தெரியவில்லை. விலகி நிற்கவும்."

காலை ஏழு நாற்பதுக்கு இந்தப் பெண் குரலும், அதன் பின்னாலேயே ஆம்புலன்ஸுக்குச் சொந்தமானது போல ஓர் அலறலும் கேட்டன. மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு அவன் கண்டுபிடித்த உருப்படியான ஒரே பொருள் எங்கள் கம்பெனி வாசலில் மாட்டியிருக்கும் முக யந்திரம்தான் என்பதை எந்த மேடையிலும் அடித்துச் சொல்வேன். மேடைதான் இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

நான் ஹபீபுல்லா. வள்ளூர் போகிற சாலையில் இருக்கும் 'வெண்முத்து சாம்பல் கிடங்கு' கம்பெனியின் டைம் ஆபீசர். நிலக்கரி எரிந்து மிஞ்சுகிற சாம்பலை லாரியிலிருந்து இறக்கி, மூட்டை பிடித்து, சாம்பலில் செங்கல் செய்யும் பட்டறைகளுக்கு அனுப்புவது கம்பெனியின் தொழில். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பது என் தொழில். முன்பெல்லாம் இதற்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, என் இரண்டு கண்கள் ஆகிய பின்தங்கிய கருவிகளைப் பயன்படுத்தி வந்தோம். அந்த இருண்ட காலத்தில் ஒரு நாள்கூடப் பதிவு தவறியதில்லை. எவ்வளவு பின்தங்கியிருந்தோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேனேஜர் கிருஷ்ணப்பன் யந்திரத்தோடு வந்தார். வாசலில் ரிப்பன் வெட்டி, "இனிமே இங்க மனுஷன் தப்பு பண்ண முடியாது" என்று உரையாற்றினார். அவர் சொன்னது பலித்தது. அன்றிலிருந்து அந்தப் பொறுப்பை யந்திரமே ஏற்றுக்கொண்டது.

ஆபீசர்கள் முகத்தைக் காலை பத்து மணிக்கு, ஏசி அறையில், டீ குடித்த பிறகு பதிந்தார்கள். தொழிலாளர்கள் முகத்தைப் பதிய மாலை ஐந்தரை மணி குறிக்கப்பட்டது. வேலை நேரத்தில் கூப்பிட்டால் மூட்டை நின்றுவிடும் அல்லவா? எட்டு மணி நேரம் சாம்பலில் நின்றுவிட்டு, புருவம் எது நெற்றி எது என்று தெரியாத நிலையில் நாற்பது பேரும் வரிசையாக வந்து முகம் காட்டினார்கள். யந்திரம் நாற்பது பேரையும் மனப்பாடம் செய்துகொண்டது.

மறுநாள் காலை நாற்பது பேரும் குளித்து, தலை வாரி, பவுடர் போட்டு வந்தார்கள். யந்திரம் நாற்பது முறை அலறியது.

உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மூன்று மணி நேரம் ஆராய்ந்ததில், கோளாறு முகங்களில்தான் இருக்கிறது என்று ஒருமனதாக முடிவாயிற்று. மறுபடி பதியலாமே என்று யாரோ கேட்டார்கள். அதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு இன்றுவரை 'பரிசீலனையில்' இருக்கிறது. இடைக்கால ஏற்பாட்டை முன்மொழிந்த பெருமை எனக்குரியது. வாசலில் ஒரு பீப்பாய்ச் சாம்பல், ஒரு பஞ்சு, விரிசல் விட்ட ஒரு கண்ணாடி. மேலே பலகை: 'முக ஆயத்த மையம்'. தினமும் காலையில் தொழிலாளி வருவார், ஒரு கை சாம்பல் எடுத்து முகத்தில் அப்புவார், யந்திரம் "நன்றி, வணக்கம்" என்று அன்போடு உள்ளே விடும்.

பீம்ராவ் புளியந்தோப்பிலிருந்து வருகிற மூட்டை தூக்குபவர். வாய் சும்மா இருக்காது. முதல் நாளே கண்ணாடி முன்னால் நின்று சொன்னார்: "பாய், எங்க வூட்ல புத்தரைத் தவிர வேற சாமி கெடையாது. நெத்தில ஒரு பொட்டு துன்னூறு வெச்சதில்ல. இப்ப இன்னாடான்னா தெனம் மூஞ்சி முழுக்கப் பூசிகினு நிக்கறேன்."

"இது பக்தி இல்லை பீம்ராவ். தொழில்நுட்பம்."

"ரெண்டும் ஒண்ணுதான் பாய். கேள்வி கேக்கக் கூடாது, அதானே?"

இவரைப் போன்றவர்களுக்கு முன்னேற்றம் புரிவது கடினம்.

என்னைப் பொறுத்தவரை தொழில்நுட்பத்தை நான் வீட்டிலும் வழிபடுகிறவன். ராயபுரத்தில் எங்கள் வீட்டு டிவி, பார்ப்பதற்கு முன் ஆறு இலக்க எண் கேட்கும். எண் போனுக்கு வரும். போன், இடம் நிறைந்துவிட்டது என்று எண்ணை வாங்க மறுக்கும். அரை மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சமாதானம் செய்தால் செய்தி முடிந்து விளம்பரம் ஓடும். இடையிடையே திரையில் நீளமாக ஏதாவது எழுதிவரும். நான் ஒரே தள்ளாகக் கீழே தள்ளி 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்குவேன்.

"இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சீங்களா?" என்பாள் என் மனைவி ஷாஸியா.

"படிச்சுட்டு ஒப்புக்கொள்றவன் சந்தேகப் பிராணி. நான் நம்புறவன்."

"ஒரு நாளு வூட்டையே எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கப் போறீங்க."

கம்பெனி யந்திரத்தை மாட்டிய அன்றும் நான் இதே பெருந்தன்மையோடு நடந்துகொண்டேன். கிருஷ்ணப்பன் என் கையில் ஒரு பலகைக் கணினியைக் கொடுத்தார். இருபத்தெட்டுப் பக்க விதிமுறைகள். "படிச்சுட்டு அமுக்குங்க ஹபீபுல்லா, நீங்கதான் டைம் ஆபீசுக்குப் பொறுப்பு" என்றார். ஒரே தள்ளு, ஒரே அமுக்கு. பதினோரு விநாடி. பளிச்சென்று அது என்னைப் படம் பிடித்தது. மரியாதைக்காக என்று நினைத்து நானும் சிரித்தேன்.

இனி அன்றைய காலைக்கு வருகிறேன். தேதி மார்ச் முப்பத்தொன்று. யந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தவர் பூவம்மா.

நெட்டுக்குப்பத்துப் பூவம்மா ஒன்பது வருஷமாக எங்களிடம் மூட்டை தைக்கிறார். யந்திரம் வந்த வருஷம் போட்ட ஒப்பந்தம் எளிமையானது. ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் இருநூற்று நாற்பது நாள் வருகை பதிவானால் நிரந்தரம். அதன் பிறகு 'நாளையிலிருந்து வராதே' என்று எந்த மேஸ்திரியும் சொல்ல முடியாது. இருநூற்று முப்பத்தொன்பது என்றால், ஏப்ரலில் மறுபடி ஒன்றிலிருந்து. பூவம்மா அந்த வருஷம் ஒரு நாள் விடாமல் வந்தார். கரண்ட் போன நாள், நெட்வொர்க் போன நாள், யந்திரத்துக்கே மனசு சரியில்லாத நாள் எல்லாம் கழிந்து, அவர் கணக்கில் இருநூற்று முப்பத்தொன்பது நின்றது. அன்று ஒரு நாள் ஏறினால் போதும். எட்டு மணிக்குப் பதிவு மூடிவிடும்.

"அடையாளம் தெரியவில்லை. விலகி நிற்கவும்."

"இன்னும் கொஞ்சம் பூசுக்கா" என்றார் பீம்ராவ்.

பூவம்மா இரண்டு கையாலும் அள்ளி அப்பினார். கண் மட்டும் தெரிந்தது. யந்திரம் அலறியது.

"ஜாஸ்தியா பூட்ச்சு. தொடைக்கா."

துடைத்தார். அலறியது.

நான் என் அறையிலிருந்து இறங்கிவந்து விஞ்ஞான முறைப்படி அணுகினேன். யந்திரத்தை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். அதன் கண்ணை என் கைக்குட்டையால் துடைத்தேன். பூவம்மாவை ஓர் அடி பின்னால் போகச் சொன்னேன், பிறகு முன்னால், பிறகு லேசாகச் சிரிக்கச் சொன்னேன்.

"சிரிக்கறதா? பாய், பதினஞ்சு நிமிசம்தான் கீது."

"பதியறப்போ சிரிச்சீங்களா, இல்லையா? நினைவுபடுத்திப் பாருங்க."

"எட்டு மணி நேரம் மூட்டை தைச்சிட்டு வந்து நின்னேன். எவன் சிரிப்பான்?"

"அப்ப முறைச்சுப் பாருங்க."

அதற்கு அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆனால் யந்திரத்தை விட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"போன வருசம் எனக்கும் இதே பேஜாருதான்" என்றார் பீம்ராவ். "எரநூத்தி முப்பத்தொம்போது வரிக்கும் வணக்கம் வெச்சிச்சு. அப்பால மூணு நாளு வாசல்லயே நின்னேன். யாரு நீன்னு கேட்டுச்சு."

"அது உங்க தாடியால. நான் அப்பவே அறிக்கை எழுதினேன்."

"அதுக்கு முந்தின வருசம் மலிகாவுக்கு? அதுக்கு இன்னா தாடியா?"

"மலிகாவுக்கு மூக்குத்தி பளபளப்பு. அதுக்கும் அறிக்கை இருக்கு."

பூவம்மா இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நாள்காட்டித் தாள்கள், ரப்பர் பேண்டு போட்ட கட்டு. யந்திரம் வணக்கம் சொன்ன ஒவ்வொரு நாளும் மாலையில் வீட்டுக்குப் போய் அன்றைய தாளைக் கிழித்து இதில் சேர்ப்பாராம். மேலே தனியாக, நாலாய் மடித்து, மார்ச் முப்பத்தொன்று. காலையிலேயே கிழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"எண்ணிப் பாருங்க பாய். நீங்க தெனம் பாத்துகினுதானே கீறீங்க. நான் வந்தேன்னு நோட்டுல எழுதுங்க."

"நோட்டா? பூவம்மா, நோட்டு பொய் சொல்லும். யந்திரம் பொய் சொல்லாது."

"உங்க கண்ணு?"

"என் கண்ணுக்குக் கம்பெனி அங்கீகாரம் கிடையாது."

இதைவிடத் தெளிவாக ஓர் அதிகாரி பேச முடியுமா? பூவம்மா மடித்த தாளைக் கைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி போய் யந்திரத்தின் முன்னால் நின்றார். அலறியது. நகரவில்லை. மறுபடி அலறியது. இப்படி ஏழு முறை.

ஏழு ஐம்பத்து மூன்றுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முக யந்திரம் விற்ற நிறுவனத்தின் பொறியாளர் நவ்ரீன். தண்டையார்பேட்டைப் பெண். நெட்வொர்க் அடிக்கடி போகிறதென்று பத்து நாளுக்கு முன் நான் கொடுத்த புகாருக்காக வந்திருந்தாள். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் புகை குடித்திருந்ததால், அவள் முகத்தையும் அந்த நேரம் எந்த யந்திரமும் அடையாளம் கண்டிருக்காது.

"வாம்மா. நல்ல நேரத்துல வந்தே. நம்ம யந்திரம் உலகத்தரம், சந்தேகமே இல்லை. இந்த அம்மா முகத்துலதான் ஏதோ கோளாறு."

நவ்ரீன் பூவம்மாவைப் பார்த்தாள், பீப்பாயைப் பார்த்தாள், பலகையைப் படித்தாள். "இது இன்னா சார் கலீஜு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மடிக்கணினியைப் பீப்பாய் மூடியின்மேல் வைத்து யந்திரத்தோடு இணைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் பின்னால் நின்றோம். விரல்கள் ஓடின. பிறகு நின்றன.

"சார், இந்த அக்கா மூஞ்சி இதுக்கு நல்லாவே தெரிது. தொண்ணூத்தெட்டு பர்சன்ட் பொருந்துது."

"நான்தான் சொன்னேனே, உலகத்தரம்."

"தெரிஞ்சும் தெரியலன்னு சொல்லுது."

"அப்ப பழுதா?"

"பழுதும் இல்ல சார். சொன்னத சரியா செய்து. ஒருத்தருக்கு எரநூத்தி முப்பத்தொம்போது நாளு ஆயிட்ச்சுன்னா, வருசம் முடியற வரிக்கும் அந்த மூஞ்சிய ஏத்துக்காதேன்னு விதி போட்டுக்கீது. இருவத்தி மூணாம் பக்கம்."

பீம்ராவ் கணினியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐம்பத்தெட்டு.

"விதியை எடுத்துடும்மா" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் எடுக்க முடியாது சார். ஒப்புதல் குடுத்தவங்க எழுதிக் குடுத்து, உங்க தலைமை அலுவலகம் பரிசீலனை பண்ணணும்."

"யாரு ஒப்புதல் குடுத்தாங்க?" என்று கேட்டார் பூவம்மா.

"பேரு வேணாங்க்கா, போட்டோவே கீது. அமுக்கறப்போ எடுத்தது." நவ்ரீன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஏசி அறை, மேசையில் டீ, நடுவில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு முகம். "உங்களுக்கு ஆள் யாருன்னு தெரிதா?"

பூவம்மா முந்தானையால் கண்ணைச் சுற்றியிருந்த சாம்பலை ஒற்றிவிட்டு, குனிந்து பார்த்தார். எட்டு மணிச் சங்கு ஊதி அடங்கியது.

"மிஷினு வேணாம் பாப்பா, எனக்கே தெரிது. இந்தக் கம்பெனியில சாம்பலு படாத மூஞ்சி இதானே."